பழைய கம்ப்யூட்டரில் டிவி பார்க்கவும் பதியவும்: கேபிள் பாக்ஸா, மாடியில் டிஷ்ஷா?

தண்டையார்பேட்டை_மாடி

எல்லோருக்கும் வணக்கம். சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரை டிவி பார்க்கவும் நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஐ3-4130, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். போர்டில் பழைய பிசிஐ ஸ்லாட் ஒன்றும் உண்டு. லினக்ஸ் போடத் தெரியும்.

வீட்டுக்கு வருவது கேபிள், ஆபரேட்டர் கொடுத்த எச்டி பாக்ஸ். வீடு இரண்டாவது மாடி, மேலே மொட்டை மாடி. டிஷ் வைத்துக்கொள்ள ஹவுஸ் ஓனர் சம்மதித்துவிட்டார்.

பதிய வேண்டியவை: இரவு 9 மணிக்கு ஒரு கட்டணச் சேனலில் வரும் சீரியல் (அம்மா மறுநாள் பகலில் பார்ப்பார்), டிடி தமிழில் வரும் கச்சேரிகள், ஞாயிற்றுக்கிழமைப் படம்.

பழைய டிவி ட்யூனர் கார்டு ஒன்று இருந்தது. கேபிள் ஒயரை நேராக அதில் செருகி ஸ்கேன் செய்தால் ஒரு சேனலும் வரவில்லை. கார்டு போய்விட்டதா? கடைகளில் விற்கும் யூஎஸ்பி டிவி ஸ்டிக் வாங்கினால் வேலை நடக்குமா? வீட்டில் ஆள் இல்லாதபோதும், கரண்ட் போய் வந்தாலும் பதிவு நடக்க என்ன செய்ய வேண்டும்?

வியாசை_லினக்ஸ்

கார்டு போகவில்லை. அது அனலாக் காலத்துக் கார்டு, ஒயரில் இப்போது ஓடுவது டிஜிட்டல். டிஜிட்டல் கேபிளை எடுக்கும் டிவிபி-சி ட்யூனர் வாங்கிச் செருகினாலும் பயன் இல்லை. சேனல்கள் பூட்டித்தான் வருகின்றன, சாவி ஆபரேட்டரின் பாக்ஸுக்குள் இருக்கிறது. கட்டணச் சேனலுக்கு பாக்ஸ் வேண்டும் என்ற ஏற்பாடு நம் சென்னைக்கு 2003 செப்டம்பரிலேயே வந்துவிட்டது.

யூஎஸ்பி ஸ்டிக்கை வாங்காதீர்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஆர்டிஎல்2832யூ சிப் இருக்கும். அது டிவிபி-டி என்ற தரைவழி ஒளிபரப்புக்கானது, இங்கே அதில் எதுவும் வராது. ராஸ்பெரி பைக்கு விற்கும் டிவி ஹேட் பலகையும் தரைவழிக்கு மட்டும்தான்.

கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: திறந்து வரும் சேனல், பூட்டி வரும் சேனல். டிடி தமிழ், மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் திறந்து வருகிறது. மாடியில் டிஷ், கம்ப்யூட்டரில் டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் சிக்னலை எடுக்கும்) ட்யூனர் போட்டால் வானத்திலிருந்து வரும் ஸ்ட்ரீம் ஒரு பிட்டும் மாறாமல் ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்காரும். சிபியுவுக்கு வேலையே இல்லை, உங்கள் ஐ3 தாராளம். ஆனால் ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ்ச் சேனல்கள் குறைவு, முக்கால்வாசி இந்தி. இதைத் தெரிந்துகொண்டே செலவு செய்யுங்கள்.

சீரியலுக்கு வழி பாக்ஸின் ஏவி அவுட், அதாவது பழைய டிவிக்குப் படமும் ஒலியும் தரும் அனலாக் துளை. உங்கள் பழைய கார்டு இங்கேதான் உதவும். அதில் பிடி878 அல்லது எஸ்ஏஏ7134 சிப் இருந்தால், லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் உண்டு. கேபிள் செருகும் வட்ட சாக்கெட்டை விட்டுவிட்டு, மஞ்சள் வீடியோ சாக்கெட்டில் பாக்ஸைக் கொடுங்கள். கார்டு இல்லாதவர்கள் யூஎஸ்பி கேப்சர் ஒயர் வாங்கலாம். எஸ்டிகே1160, இஎம்2860, யூடிவி007 மூன்றுக்கும் கர்னலில் டிரைவர் இருக்கிறது. சோமேஜிக் சிப்புக்கு இல்லை. வெளியே பார்த்தால் நான்கும் ஒரே கறுப்புப் பெட்டி, எனவே திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள்.

பாக்ஸில் ஏவி அவுட் பெரும்பாலும் 3.5 மிமீ துளையாக இருக்கும். அதற்கான ஒயரில் ஒவ்வொரு கம்பெனியும் வரிசையை மாற்றிவிடுவதால், மஞ்சளில் படம் வராமல் ஸ்பீக்கரில் ‘கொர்ர்’ என்று இரைச்சல் வந்தால் பதறாதீர்கள். சிவப்பையோ வெள்ளையையோ வீடியோ சாக்கெட்டில் மாற்றிச் செருகிப் பாருங்கள். மூன்றில் ஒன்றில் படம் இருக்கும்.

கேப்சர் அமைப்பு: பிஏஎல் (நம் நாட்டு அனலாக் டிவி முறை), 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் விட்டுவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகி மேலே உருளும். இது இன்டர்லேஸ்டு படம், ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரும். அப்படியே பதிந்தால் அடியில் ஓடும் செய்தி வரி சீப்புப் பல் மாதிரி கிழியும். வீடியோவைப் பதியவும் மாற்றவும் உதவும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் பிடபிள்யூடிஐஎஃப் ஃபில்டர் போட்டு 50 ஃபிரேம் ஆக்குங்கள், ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். பாக்ஸ் மெனுவில் 16:9 வைத்து, பதியும் கோப்பிலும் 16:9 என்றே குறியுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் ஒல்லியாகத் தெரிவார்கள்.

கச்சா வீடியோ நொடிக்கு 20 எம்பிக்கு மேல், அதாவது மணிக்கு சுமார் 75 ஜிபி. அதை உடனுக்குடன் எச்.264 ஆக 3 எம்பிபிஎஸ்ஸுக்குச் சுருக்கினால் ஒலியையும் சேர்த்து மணிக்கு 1.4 ஜிபி. இந்த ஐ3-க்குள் வீடியோவைச் சுருக்கவே உள்ள க்விக் சிங்க் பகுதி அதை அலட்டாமல் செய்யும்.

ஒரு கட்டுப்பாடு: பாக்ஸ் ஒன்றுதான், ஆகவே 9 மணிச் சீரியல் பதியும் நேரத்தில் டிவியிலும் அதே சேனல்தான் ஓடும். சில ஆபரேட்டர் பாக்ஸ்களில் பென் டிரைவ் செருகிப் பதியும் வசதி இருக்கும். அந்தக் கோப்பு பெரும்பாலும் அந்த பாக்ஸில் மட்டுமே ஓடும். அம்மா பார்த்துவிட்டு அழிப்பதற்கு அதுவே போதும் என்றால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள், இத்தனை வேலையும் மிச்சம்.

காசிமேடு_ஆன்டெனா

மாடி வேலையை நான் சொல்றேன் சார்.

ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கு. நம்ம பக்கத்துல இருந்து பார்த்தா வடக்குல இருந்து 134 டிகிரி, அதாவது நல்ல தென்கிழக்கு. உயரம் 68 டிகிரி. கிட்டத்தட்ட தலைக்கு மேல பார்க்குது, அதனால பக்கத்து கட்டடம் மறைக்குமோன்னு பயப்பட வேணாம். 10 அடி உயர சுவர் இருந்தாலும் அதுல இருந்து 5 அடி தள்ளி வச்சா போதும். திசைக்கு போன் காம்பஸ் சரிதான், ஆனா இரும்பு கைப்பிடி பக்கத்துல நின்னு பார்த்தா தப்பா காட்டும். மாடி நடுவுல நின்னு பார்த்துட்டு, தூரத்துல ஒரு அடையாளத்தை மனசுல வச்சுக்கிட்டு வந்து டிஷ்ஷை திருப்புங்க.

இப்ப வீடுகள்ல இருக்கிறது ஆஃப்செட் டிஷ், சிக்னல் வாங்குற தலை நடுவுல இல்லாம கீழே தள்ளி இருக்கும். 68 டிகிரிக்கு தட்டு முழுசா மல்லாந்து படுக்கணும்னு நினைச்சுடாதீங்க. ஆஃப்செட் சுமார் 24 டிகிரி, அதை கழிச்சா தட்டோட முகம் 44 டிகிரி கிட்ட நிக்கணும். போன்ல லெவல் ஆப் போட்டு, தட்டோட மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் குறுக்கே ஒரு நேரான கம்பை வச்சு அளந்தா தெரிஞ்சுடும்.

நிறைய பேர் கோட்டை விடுற இடம் எல்என்பி, அதாவது அந்த சிக்னல் வாங்குற தலை. கணக்குப்படி அதை 44 டிகிரி கிட்ட சுழட்டணும். ஸ்கேல்ல பூஜ்யத்துல விட்டா செங்குத்து அலையும் கிடைமட்ட அலையும் பாதிக்குப் பாதி கலந்துடும், ஸ்ட்ரெங்த் 90 காட்டும், குவாலிட்டி பூஜ்யம். ஸ்ட்ரெங்த்தை பார்க்காதீங்க, குவாலிட்டிதான் கணக்கு. கிளாம்பை லேசா தளர்த்தி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, குவாலிட்டி உச்சத்துல இறுக்குங்க. ஒவ்வொரு தடவை திருப்பினதும் 3 விநாடி கையை எடுத்துட்டு நில்லுங்க, ட்யூனர் லாக் ஆக நேரம் வேணும்.

எல்என்பி யுனிவர்சல், 9750/10600. ரெட்டை அவுட்புட் உள்ளதா வாங்குங்க. ஒண்ணு கம்ப்யூட்டருக்கு, இன்னொண்ணு எதிர்காலத்துல டிவி பக்கத்துல சின்ன பாக்ஸ் வைக்க. சாதாரண கேபிள் ஸ்ப்ளிட்டரை நடுவுல போடாதீங்க. செங்குத்து வேணும்னா 13 வோல்ட், கிடைமட்டம் வேணும்னா 18 வோல்ட்னு ட்யூனர் ரெண்டும் மாத்தி மாத்தி அனுப்பும், ஒண்ணு கேட்ட சேனல் இன்னொண்ணுக்கு அறுந்துடும்.

டிஷ் 60 செமீ போதும், இடம் இருந்தா 90 வைங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழைல வித்தியாசம் தெரியும். ஆனா பெரிய தட்டு காத்துக்கு பாய்மரம் மாதிரி. 2016 டிசம்பர் வர்தா மாதிரி ஒரு காத்து வந்தா கைப்பிடி சுவர்ல 6 மிமீ ஸ்க்ரூல மாட்டினது தாங்காது. தளத்துல 10 மிமீ ஆங்கர் போல்ட் நாலு போடுங்க, துளையை சுத்தி சீல் பண்ணுங்க. இல்லேன்னா கீழ் வீட்டு சீலிங் ஒழுகி ஹவுஸ் ஓனர் வருவார்.

அடுத்தது உப்புக் காத்து. திருவொற்றியூர்ல இருந்து ராயபுரம் வரைக்கும் எல்லா மாடியிலயும் இதே பிரச்சனை. ஒயர் முனையில மாட்டுற எஃப் கனெக்டர் பளபளன்னு இருக்கும், கழட்டிப் பார்த்தா நடுக்கம்பி பச்சை பூத்திருக்கும். எல்என்பிக்கு போற கரண்ட்டும் அந்த ஒரே கம்பி வழியாதான் போகுது. பச்சை பூத்தா தடை ஏறும், வோல்டேஜ் இறங்கும், பகல்ல வர்ற சேனல் பனி இறங்கினதும் வராது. ஆர்ஜி6 டிஷ் ஒயர் வாங்கும்போது நடுக்கம்பி முழுச் செம்பான்னு காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டினா உள்ளே இரும்பு, மேல செம்பு முலாம். முறுக்கி மாட்டுற கனெக்டர் வேணாம், கம்ப்ரெஷன் போடுங்க. மாட்டினதும் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு, மேல தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து கீழே இருந்து மேல சுத்துங்க. வீட்டுக்குள்ள நுழையுற இடத்துக்கு முன்னாடி ஒயர் ஒரு முழம் கீழே தொங்கி மேல ஏறணும். அப்பதான் தண்ணி அங்கேயே சொட்டும், ட்யூனருக்குள்ள போகாது.

பெரம்பூர்_பெட்டி

மென்பொருளும் டிஸ்க்கும் கரண்ட்டும் என் பங்கு.

ட்யூனரில் லினக்ஸ் டிரைவர் கர்னலிலேயே உள்ளதைப் பாருங்கள். டிவிபிஸ்கை எஸ்960 யூஎஸ்பி பெட்டிக்கு டிரைவர் இருக்கிறது; ஃபர்ம்வேர் கோப்பு ஒன்றைத் தனியாக லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் போட வேண்டும். அது இல்லாவிட்டால் சாதனம் தெரியும், ட்யூன் ஆகாது. டிஎம்எஸ்ஜி கட்டளை காட்டும் கர்னல் செய்திகளைப் படித்தால் எந்தக் கோப்பைத் தேடுகிறது என்று பெயரோடு எழுதியிருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்என்பி, ஆர்ஜி6, கனெக்டர் எல்லாம் கிடைக்கும். கம்ப்யூட்டருக்கான எஸ்2 ட்யூனருக்கு மட்டும் ஆன்லைனில் தேட வேண்டிவரலாம்.

சர்வர் டிவிஹெட்எண்ட், பார்க்க கோடி. டிவிஹெட்எண்ட் பிரவுசரில் 9981 போர்ட்டில் திறக்கும். அடாப்டரில் எல்என்பி வகை யுனிவர்சல் என்று வையுங்கள். அடுத்து டிவிபி-எஸ் நெட்வொர்க், அதில் மக்ஸ், அதாவது ஒவ்வொரு அலைவரிசையின் விவரம். உள்ளமைந்த பட்டியல் பழையதாக இருந்தால், ஃப்ரீ டிஷ் பாக்ஸ் ஒன்றின் இன்ஸ்டலேஷன் மெனுவில் உள்ள அலைவரிசைகளைப் பார்த்துக் கையால் சேர்க்கலாம். இங்கே எல்லோரும் தடுக்கி விழுவது அலகில். பாக்ஸில் 11090, வி, 29500 (அலைவரிசை, செங்குத்து, சிம்பல் ரேட்) என்று இருப்பதை டிவிஹெட்எண்ட்டில் 11090000, 29500000 என்று எழுத வேண்டும். அது அலைவரிசையைக் கிலோஹெர்ட்ஸிலும் சிம்பல் ரேட்டை முழு எண்ணிலும் கேட்கிறது. மூன்று பூஜ்யம் குறைந்தால் ‘ஸ்கேன் தோல்வி’ என்று மட்டும் வரும், ஏன் என்று சொல்லாது.

ஒரு ட்யூனரில் ஒரு சேனல்தான் பதியலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரே டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோளின் ஒரே அலைவரிசையில்) வரும் சேனல்கள் எல்லாம் ஒரே ஸ்ட்ரீம். அதிலிருந்து இரண்டு மூன்றைத் தனித்தனிக் கோப்பாகப் பதிந்துகொண்டே நான்காவதைப் பார்க்கலாம். வேறு டிரான்ஸ்பாண்டர் வேண்டும் என்றால்தான் இரண்டாவது ட்யூனர்.

ஸ்டேட்டஸ் பக்கத்தில் எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு அதிகம் என்ற அளவு) 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் மழைக்குக் கையிருப்பு உண்டு. கன்டினியூட்டி எரர் எண் ஏறிக்கொண்டே போனால் படம் கட்டம் கட்டமாக உடையும். மென்பொருளை நோண்டாமல் மாடிக்குப் போய் கனெக்டரைப் பாருங்கள்.

பதியும் புரொஃபைல் ‘பாஸ்’ (வந்ததை அப்படியே எழுதுவது), கோப்பு டிஎஸ். எம்பி4 வேண்டவே வேண்டாம். எம்பி4-இன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். 9:25-க்குக் கரண்ட் போனால் அதுவரை பதிந்த 25 நிமிடமும் திறக்காது. டிஎஸ் கோப்பு அறுந்த இடம் வரை ஓடும். ஏவி கேப்சரை ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் செய்தால் அங்கே எம்கேவி வையுங்கள், இதே காரணம்.

முன்னால் 2 நிமிடம், பின்னால் 10 நிமிடம் கூடுதலாகப் பதியச் சொல்லுங்கள். நிகழ்ச்சி விவரம் வராத சேனலுக்கு ‘டைமர்’ பகுதியில் கிழமையும் நேரமும் கொடுத்தால் போதும்.

கரண்ட் போய் வந்தால் தானே எழ, பயாஸில் ஏசி பவர் லாஸ் என்ற இடத்தில் ‘பவர் ஆன்’ வையுங்கள். 600 விஏ யூபிஎஸ் கம்ப்யூட்டரையும் கேபிள் பாக்ஸையும் சேர்த்து 10 நிமிடத்துக்கு மேல் தாங்கும். மானிட்டரை அதில் மாட்டாதீர்கள். பழைய போர்டு என்பதால் சிஆர்2032 பேட்டரியையும் இப்போதே மாற்றுங்கள். அது செத்தால் கடிகாரம் பின்னோக்கிப் போய் 9 மணி வரவே வராது.

மின்கட்டணத்தையும் கணக்கில் எடுங்கள். கம்ப்யூட்டர் 30 வாட் இழுத்தால் இரண்டு மாத பில்லில் 43 யூனிட் கூடும். ஏற்கெனவே அடுத்த ஸ்லாபின் ஓரத்தில் இருக்கும் வீடு என்றால் வலிக்கும். இரவு 9 மணிச் சீரியல் மட்டும்தான் என்றால் பயாஸ் அலாரத்தை 8:45-க்கு வைத்து எழுப்பி, பதிந்து முடிந்ததும் அணைத்துவிடலாம்.

தண்டையார்பேட்டை_மாடி

மூவருக்கும் நன்றி. டிஷ் வேலை வரும் ஞாயிறு. அதற்குள் ஏவி பக்கம் செய்து பார்த்தேன். கார்டில் எஸ்ஏஏ7134, படம் வந்துவிட்டது. ஒயரில் சிவப்பில்தான் வீடியோ இருந்தது. ஒலியை போர்டின் லைன்-இன்னில் கொடுத்தேன். நான்கு சந்தேகங்கள்.

படம் தெளிவாக வரட்டும் என்று எச்டிஎம்ஐ கேப்சர் டாங்கிளும் வாங்கினேன், திரை முழுக்கக் கறுப்பு. ஏவியில் பதிந்த படத்தில் ஆரம்பத்தில் உதடும் பேச்சும் ஒத்துப்போகிறது, இடைவேளைக்குப் பிறகு பேச்சு விலகிவிடுகிறது. ஞாயிறு படம் மூன்று மணி நேரம் தாண்டும் இடத்தில் பதிவு நின்றுவிட்டது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கிறது. 9 மணிக்கு பாக்ஸ் தானாகச் சேனல் மாற வழி உண்டா?

வியாசை_லினக்ஸ்

எச்டிஎம்ஐ கறுப்பாக இருப்பதற்கு டாங்கிள் காரணம் இல்லை. பாக்ஸ், நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி பூட்டோடு அனுப்புகிறது. அந்தப் பூட்டை உடைக்கும் பேச்சுக்கு நான் வரவில்லை. ஏவி அவுட்டில் 576 வரி கிடைக்கிறது, சீரியலுக்கு அது போதும். டாங்கிளைத் திருப்பிக் கொடுங்கள்.

பேச்சு விலகுவது: படத்துக்குக் கார்டின் கிரிஸ்டல், ஒலிக்குப் போர்டின் கிரிஸ்டல். இரண்டும் பத்து லட்சத்துக்கு 50 வித்தியாசப்பட்டாலே இரண்டு மணி நேரத்தில் 0.36 விநாடி. அதைக் கண் பிடித்துவிடும். எஃப்எஃப்எம்பெக்கில் ஏரீசாம்பிள் ஃபில்டரை ‘அசிங்க் 1000’ என்று போடுங்கள். ஒலியை நேர முத்திரைக்கு ஏற்ப இழுத்தும் சுருக்கியும் கொண்டுபோகும். முதல் நிமிடத்திலேயே விலகியிருந்து கடைசி வரை அதே அளவு விலகலாக இருந்தால் மருந்து வேறு, ஒலியை ஒரே அளவாகத் தள்ளி வைத்தால் சரி. உங்களுடையது ஏறிக்கொண்டே போவது, எனவே ஏரீசாம்பிள்.

நின்ற கோப்பு 4 ஜிபியா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த டிஸ்க் எஃப்ஏடி32. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. நீங்கள் பதியும் வேகத்தில் அது சரியாக மூன்று மணி நேரம். உள்ளிருப்பதை நகலெடுத்துவிட்டு இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்யுங்கள்.

சேனல் மாற்ற, ரிமோட்டில் உள்ளது போன்ற ஒரு ஐஆர் எல்இடி போதும். நோட்எம்சியு (சிறு வைஃபை கன்ட்ரோலர்) போர்டு, 940 நானோமீட்டர் எல்இடி, 2என்2222 டிரான்சிஸ்டர், பேஸுக்கு 1 கிலோ ஓம், எல்இடிக்குத் தொடராக 47 ஓம், 5 வோல்ட். ரிமோட் கோடைப் படிக்க டிஎஸ்ஓபி1738 ஒன்று, அதை 3.3 வோல்ட்டில் கொடுத்துப் பாருங்கள், படிக்கவில்லை என்றால் 3.3 வோல்ட்டுக்கான வகை வாங்குங்கள். எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட் சாமான். எல்இடியை பாக்ஸின் முகத்தில் உள்ள கறுப்புக் கண்ணாடி மேல் ஒட்டி, மேலே கறுப்பு டேப் போடுங்கள். ஆனால் கண்ணாடியை முழுக்க மூடினால் கையில் உள்ள ரிமோட் வேலை செய்யாது, பாதி திறந்திருக்கட்டும். இலக்கங்களுக்கு நடுவே 400 மில்லிசெகண்ட் விடுங்கள். வேகமாக அனுப்பினால் 1-1-5 என்பது 15 ஆகப் போய்விடும்.

பவர் பட்டனை மட்டும் தானியங்கியில் சேர்க்காதீர்கள். அதே பட்டன்தான் எழுப்பவும் அணைக்கவும், பாக்ஸ் ஏற்கெனவே விழித்திருந்தால் நீங்களே அணைத்துவிடுவீர்கள். பாக்ஸ் மெனுவில் ஆட்டோ ஸ்டாண்ட்பையை நிறுத்தி எப்போதும் ஓடவிடுங்கள். 8:57-க்குச் சேனல் எண்ணை அனுப்பி, 8:58-க்கு அதே எண்ணை மறுபடி அனுப்புங்கள், 8:59-க்குப் பதிவைத் தொடங்குங்கள். முதல் முறை தவறினாலும் இரண்டாவதில் மாறிவிடும்.

காசிமேடு_ஆன்டெனா

ஞாயித்துக்கிழமை மேல ஏறும்போது ரெண்டு ஸ்பேனர், 10-ம் 13-ம், கருப்பு டேப், ரெண்டு கனெக்டர் கூடுதலா எடுத்துட்டு போங்க. ஒயரை சீவும்போது மேல் வலை இழை ஒண்ணே ஒண்ணு நடுக்கம்பியை தொட்டாலும் ஷார்ட். ட்யூனர் எல்என்பிக்கு வோல்டேஜை நிறுத்திடும், டிஷ் எங்க பார்த்தாலும் குவாலிட்டி பூஜ்யமாவே இருக்கும். மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு முனையும் எங்கயும் மாட்டாம இருக்கும்போது மல்டிமீட்டர்ல நடுக்கம்பிக்கும் வெளிக்கூட்டுக்கும் வச்சுப் பாருங்க. பீப் வரக்கூடாது. கனெக்டரை கழட்டி மாட்டுறப்ப எல்லாம் ட்யூனரோட அடாப்டரை பிடுங்கிட்டு செய்யுங்க.

எண்ணூர் பக்கம் இருக்கிறவங்களுக்கும் சேர்த்து சொல்றேன். சாம்பல் படியுற மாடியில எல்என்பி மூஞ்சியில இருக்கிற பிளாஸ்டிக் மூடியை மாசம் ஒரு தடவை ஈரத்துணியால துடைங்க. அந்த மூடியில முடி அளவுக்கு வெடிப்பு இருந்தாலும் துடைச்சு பிரயோஜனம் இல்ல, உள்ள தண்ணி போயிடும். மழைக்கு முன்னாடி, புரட்டாசியிலேயே எல்என்பியை மாத்திடுங்க.